எங்கள் வீட்டை எங்களுக்கே தெரியாமல் வாடகைக்கு விட்டவன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குரோம்பேட்டையில் முப்பது வருடமாகச் சொந்த வீட்டில் இருக்கிறோம். கீழே நானும் என் வீட்டுக்காரரும், மாடிப் போர்ஷனில் இரண்டு வருடமாக ஒரு குடும்பம் வாடகைக்கு. ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி தாண்டியிருக்கும், வாசலில் ஒரு குட்டி யானை வந்து நின்றது. மேலே பீரோ, கட்டில், வாஷிங் மெஷின், கயிறு போட்டுக் கட்டிய மெத்தை. முன்சீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு புதுப் பாத்திரம், அதற்குள் பால் பாக்கெட்டும் ஒரு சின்ன சாமி படமும். "அம்மா, மாடி சாவி உங்ககிட்ட கொடுத்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

எந்த மாடி, எந்தச் சாவி? எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாடிக் கொடியில் துணி காய்கிறது, உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது. அந்தப் பெண்ணின் கணவர் போனை எடுத்து நீட்டினார். அதில் எங்கள் வீடு. எங்கள் மாடி ஹால், சமையலறையின் பச்சை டைல்ஸ், மொட்டை மாடித் தொட்டியில் நான் வைத்த துளசி. கீழே 'வாடகை 9,000, அட்வான்ஸ் 50,000' என்று போட்டிருந்தது. எங்கள் தெருவில் இரண்டு படுக்கையறை வீடு பதினைந்துக்குக் கீழே கிடையாது சார். இரண்டு வருடத்துக்கு முன் மாடி காலியானபோது என் மகன் எடுத்து ஏதோ ஓர் இணையதளத்தில் போட்ட படங்கள் அவை. ஆள் வந்ததும் விளம்பரத்தை எடுத்துவிட்டான். படத்தை எவனோ எடுத்து வைத்திருந்திருக்கிறான், இன்றைக்கு வேறு போன் நம்பரோடு விற்கிறான்.

அந்தத் தம்பிக்கு கிண்டியில் புது வேலை, ஒசூரிலிருந்து மாறி வந்திருக்கிறார். மொத்தம் 39,000 ரூபாய் போயிருந்தது. எப்படிப் போனது என்று அன்று எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் நாளிதழில் இது எப்போதும் நாலு வரிச் செய்தியாகத்தான் வருகிறது. 'ஆன்லைனில் வீடு தேடியவரிடம் பணம் பறிப்பு' என்று போட்டு முடித்துவிடுகிறீர்கள். படிக்கிறவர் "படிச்சவனே இப்படி ஏமாறுறான் பாரு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். நானும் அப்படிச் சொன்னவள்தான்.

விளம்பரத்தில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டதும் எடுத்தவன் ரொம்ப மரியாதையாகப் பேசியிருக்கிறான். தான் ராணுவத்தில் இருப்பதாகவும், குரோம்பேட்டை வீடு தன்னுடையது என்றும், இப்போது ஜம்முவில் போஸ்டிங் என்றும் சொல்லி, கேட்காமலே அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். எங்கள் பக்கம் இந்தக் கதை சட்டென்று எடுபடும். பல்லாவரத்தில் கன்டோன்மென்ட், தாம்பரத்தில் விமானப்படை நிலையம், தெருவுக்கு ஒரு ராணுவ வீடு உண்டு. சீருடை போட்ட ஆள் பொய் சொல்லமாட்டான் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் அவன் வாடகைக்கு எடுத்திருக்கிறான்.

"நாலு பேர் கேட்டுட்டிருக்காங்க சார், நீங்க குழந்தையோட வர்றீங்கன்னு சொன்னதால உங்களுக்குத் தரலாம்னு நினைக்கிறேன், டோக்கன் மட்டும் போட்டு விடுங்க" என்று முதலில் 5,000. அடுத்த நாள் ஒப்பந்தம் டைப் செய்ய, முத்திரைத்தாள் வாங்க என்று 2,500. அட்வான்ஸில் பாதி 25,000. இவர் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். "வீட்டை ஒரு தடவை பார்க்கணும்" என்று கேட்டிருக்கிறார். "தாராளமா பாருங்க, ஆனா இப்ப இருக்கிறவங்க சனிக்கிழமை ராத்திரிதான் காலி பண்றாங்க, வெளியிலிருந்து பாருங்க. கீழ் வீட்ல இருக்கிறவங்களும் நம்ம வாடகைதான். அவங்ககிட்ட மட்டும் வாடகை பேச்சு எடுக்காதீங்க. அவங்க உங்களைவிட மூவாயிரம் ஜாஸ்தி கொடுக்கிறாங்க, தெரிஞ்சா சண்டைக்கு வருவாங்க" என்று சொல்லியிருக்கிறான்.

பார்த்தீர்களா வேலையை? கேட்கக்கூடிய ஒரே ஆள் நான். என்னிடம் கேட்காதே என்று முன்கூட்டியே வாயைக் கட்டிவிட்டான். அந்தத் தம்பி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து பைக்கில் வந்து எங்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வடகம் காயவைத்த தட்டை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பையன் பார்க்கிறானே என்று நானும் பார்த்தேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அவர் போய்விட்டார். அன்று ராத்திரிதான் அந்த இருபத்தைந்தாயிரம் போயிருக்கிறது. "நீங்க சிரிச்சதும் எனக்கு தைரியம் வந்துச்சும்மா" என்றார் சார். நான் என்ன பதில் சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு, வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, கடைசியாக ஒரு போன். ராணுவக் கணக்கிலிருந்து ரசீது வரவேண்டுமானால் உங்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், 6,500 போடுங்கள், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடும், என் மச்சான் சாவியோடு வாசலில் நிற்பான் என்று. வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார், ஆடி பிறக்க இன்னும் இரண்டு மூன்று நாள்தான், ஆடியில் பால் காய்ச்ச மாட்டோம், விட்டால் இன்னும் ஒரு மாதம் நண்பர் வீட்டில் குழந்தையோடு. போட்டுவிட்டார்.

மோசடிக்காரனுக்கு நம் பஞ்சாங்கம்கூடத் தெரிந்திருக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன், ஆடிக்கு முந்தின ஆனி, மார்கழிக்கு முந்தின கார்த்திகை, இந்தச் சமயங்களில் வீடு தேடுகிறவர்கள் பதற்றத்தில் இருப்பார்கள். பதறுகிறவன் கணக்குப் பார்க்கமாட்டான் என்பது அவனுடைய தொழில் அறிவு.

அன்று மாடியில் குடியிருப்பவர்தான் உடனே 1930-க்குக் கூப்பிடச் சொன்னார். எனக்கு அந்த நம்பர் தெரியாது, என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. பண மோசடிக்கென்றே நாடு முழுவதற்கும் இருக்கிற உதவி எண் அது. எந்தக் கணக்கிலிருந்து, எந்த நேரத்தில், எவ்வளவு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்டுக்கொண்டார்கள். புகார் பதிவானால் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும், அங்கே பணம் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள், எடுத்துவிட்டால் அடுத்து எந்தக் கணக்குக்குப் போனது என்று துரத்த வேண்டும். அதனால்தான் நேரம் முக்கியம். முதல் மூன்று தொகையும் எப்போதோ கைமாறிப் போய்விட்டது. விடியற்காலையில் போட்ட அந்த 6,500 மட்டும் நிறுத்தப்பட்டிருப்பதாகப் பிறகு தகவல் வந்ததாம். வெட்கப்பட்டுக்கொண்டு நாலு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தால் அதுவும் கிடையாது. அப்புறம் ஸ்டேஷனுக்குப் போனால் "நீங்க எந்த ஏரியா, பணம் எங்கேருந்து போட்டீங்க, அங்க போங்க" என்றார்கள். எந்த ஸ்டேஷனில் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம், எல்லை பார்க்கக்கூடாது என்று 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலேயே இருக்கிறது என்று மாடி வீட்டுக்காரர் எடுத்துச் சொன்ன பிறகுதான் வாங்கிக்கொண்டார்கள். அதோடு சேர்ந்து வந்த இன்னொரு புதிய சட்டத்தில் நம்ம பழைய 420 இப்போது 318 ஆகிவிட்டதாம். ஏமாற்றுக்காரனை இனி 'முன்னூத்திப் பதினெட்டு' என்று திட்டிப் பழக வேண்டும் போல.

சரி, நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது அவனைத் திட்டுவதற்கு இல்லை. எங்களைப் போன்ற வீட்டுக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

வாடகைக்கு வருகிறவரை நாம் என்னவெல்லாம் கேட்கிறோம்? எந்த ஊர், என்ன ஆளுங்க, சைவமா அசைவமா, எத்தனை பேர், ஊரிலிருந்து யார் யார் வருவார்கள், ராத்திரி எத்தனை மணிக்கு வருவீர்கள், எங்கே வேலை, சம்பளச் சீட்டு இருக்கிறதா, ஆதார் நகல் கொடுங்கள், இரண்டு போட்டோ கொடுங்கள். எல்லாவற்றுக்கும் அவர்கள் பதில் சொல்கிறார்கள். அவர்கள் நம்மை என்ன கேட்கிறார்கள்? தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். வண்டி நிறுத்த இடம் உண்டா என்பார்கள். இந்த வீடு உங்களுடையதுதானா என்று ஒருத்தர் வாய் திறந்து கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. பல வருடத்துக்கு முன் மாடிக்கு வந்த ஒரு பள்ளி ஆசிரியர், அட்வான்ஸ் 30,000 கொடுத்துவிட்டு, "சார், ஒரு ரசீது எழுதிக் கொடுத்துடுங்க, அப்படியே வீட்டு வரி ரசீது நகல் ஒண்ணு" என்றார். என் வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம். "நம்பிக்கை இல்லேன்னா வேற வீடு பாருங்க" என்று சொல்லிவிட்டார். நானும் உள்ளேயிருந்து, "நம்மள என்ன திருடன்னு நினைச்சாரா" என்று கேட்டேன். பாவம், மனிதர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குடிவந்தார். அன்று அவர் கேட்டதில் என்ன தப்பு? பத்து ரூபாய்க்குக் காய் வாங்கினால் கத்தரிக்காயை அழுத்திப் பார்க்கிறோம். முப்பதாயிரம் கொடுக்கிறவர் ஒரு காகிதம் கேட்கக் கூடாதா?

இப்படி ஊர் முழுக்க வீட்டுக்காரர்கள் முகத்தைச் சுளித்துச் சுளித்து, கேட்பது மரியாதைக் குறைவு என்று குடிவருகிறவர்களைப் பழக்கி வைத்திருக்கிறோம். மோசடிக்காரனுக்கு அது எவ்வளவு வசதி! அவனிடம் வீட்டு வரி ரசீது கேட்டிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். அந்தத் தம்பிக்கும் கேட்கத் தோன்றியிருக்கிறது. "கேட்டா கோவிச்சுக்கிட்டு வேற யாருக்காவது கொடுத்துடுவாரோன்னு பயம்மா" என்றார்.

அதனால் வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு வீட்டுக்காரியாகச் சொல்கிறேன், கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். என்ன கேட்பது? முதலில் வீட்டு வரி ரசீது. அரையாண்டுக்கு ஒரு தடவை கட்டுகிறோம், எங்களுக்கு முன்பு பல்லாவரம் நகராட்சி, 2021 முதல் தாம்பரம் மாநகராட்சி. அதில் உரிமையாளர் பெயரும் கதவு எண்ணும் இருக்கும். அடுத்தது ஈ.பி. பில். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவது. இதில் ஒரு விஷயம், ஈ.பி. பெயர் வேறாக இருந்தால் உடனே பயந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டு ஈ.பி. இன்னும் என் மாமனார் பெயரில்தான் இருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருடம் ஆகிறது, மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். பாதி சென்னை அப்படித்தான். ஆனால் பெயர் வேறாக இருந்தால் காரணம் கேளுங்கள், அவருக்கும் இவருக்கும் என்ன உறவு என்பதற்கு ஒரு காகிதம் கேளுங்கள். உண்மையான வீட்டுக்காரர் அரைமணி நேரம் புலம்பினாலும் பீரோவிலிருந்து எதையாவது எடுத்து வருவார். மற்றவன் கதை சொல்வான்.

பெரிய தொகை என்றால் பத்திர எண், வருடம், எந்தச் சார் பதிவாளர் அலுவலகம் என்று கேட்டு வாங்கி, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம், போட்டுப் பார்க்கலாம். பார்ப்பதற்குக் காசு கிடையாது. நான் என் வீட்டுக்கே போட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் 2011-ல் வீட்டின் பேரில் வாங்கிய கடன்கூட அதில் வருகிறது. (கடன் தீர்ந்துவிட்டது, ஆனால் அந்தப் பணத்தில் பாதி எங்கே போனது என்ற பழைய பஞ்சாயத்து அன்று மறுபடி ஆரம்பித்தது, அது வேறு கதை.)

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டுக்குள்ளே போய் நிற்காமல் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பது வீடு பார்ப்பது ஆகாது. மாடியிலிருந்து பாத்ரூம் வரை போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். வெளியூரிலிருந்து வர முடியவில்லை என்றால் வீடியோ கால் போட்டு, "சமையலறைக் குழாயைத் திறங்க, ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டுங்க" என்று சொல்லுங்கள், திருட்டுப் படம் வைத்திருப்பவனால் குழாயைத் திறக்க முடியாது. அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடமாவது கட்டாயம் பேசுங்கள், முக்கியமாக யாரிடம் பேசாதே என்று சொல்கிறானோ அவரிடம். எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எந்த வீட்டில் யார், எப்போது காலி செய்கிறார்கள் என்று மொத்தமும் சொல்லியிருப்பார். மாடி வீட்டுப் பெண் அந்த விளம்பரப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினாள். எங்கள் ஹால் இன்னோர் இடத்தில் மேடவாக்கம் வீடு என்று வேறு வாடகைக்கு இருந்தது. எங்கள் துளசியும்தான்.

நமக்குப் பணம் வருவதற்கு நம் ரகசிய 'பின்' (PIN) நம்பரைப் போட வேண்டியதே இல்லை என்பதையும், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பணம் நம் கையிலிருந்து போகுமே தவிர வராது என்பதையும் இன்னும் எத்தனை தடவை சொல்ல வேண்டுமோ தெரியவில்லை. இதில் வீட்டுக்காரர்களும் மாட்டுகிறார்கள். பம்மலில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா வீடு காலி என்று விளம்பரம் போட்டதும், அதே ராணுவக் குரலில் ஒருவன் பேசி, "அட்வான்ஸ் முழுசும் இப்பவே அனுப்புறேன் மேடம், இந்தக் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று சொல்லி, வீடே பார்க்காமல் வருகிற நல்ல குடித்தனக்காரர் என்று இந்த அம்மா மகிழ்ந்துபோய் ஸ்கேன் செய்து, பின் நம்பரும் போட்டு, பென்ஷன் கணக்கில் இருந்த பணம் போய்விட்டது.

இதெல்லாம் ஆயிரக்கணக்கில். லட்சக்கணக்கில் போவது லீஸ் விவகாரம். தென் மாவட்டங்களில் ஒத்தி என்பார்கள், இங்கே போக்கியம் என்று பெரியவர்களும் லீஸ் என்று மற்றவர்களும் சொல்வது. மாதா மாதம் வாடகை கிடையாது, மொத்தமாக ஐந்தோ பத்தோ லட்சம் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம் இருக்கலாம், காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரும். வாடகை கட்டி மாளாத குடும்பங்களுக்கு இது பெரிய ஆசை. பெண் கல்யாணத்துக்குச் சேர்த்தது, ஊரில் நிலம் விற்றது, நகையை அடகு வைத்தது என்று கொண்டுவந்து கொட்டுவார்கள்.

என் தங்கை மகன் அப்படி எட்டு லட்சம் கொடுத்தான். கொடுத்தது வீட்டுக்காரரிடம் இல்லை, நடுவில் ஒரு நிறுவனம். கண்ணாடிக் கதவு, ஏசி, டை கட்டிய பையன்கள், எல்லாம் இருந்தது. அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், வீட்டுக்காரரிடம் போய், "உங்க வீட்டை நாங்க பராமரிக்கிறோம், மாசம் இருபதாயிரம் வாடகை ஒண்ணாம் தேதி உங்க கணக்குல விழும், குடித்தனக்காரர் தொல்லையே உங்களுக்கு இல்லை" என்று சொல்லி எழுதி வாங்கியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் என் தங்கை மகனிடம் வந்து அதே வீட்டை எட்டு லட்சத்துக்கு லீஸ். அந்த எட்டு லட்சத்திலிருந்தே வீட்டுக்காரருக்கு மாதம் இருபதாயிரம் போகிறது. வீட்டுக்காரருக்கு வாடகை தவறாமல் வருகிறது, அவர் சந்தோஷம். இவன் வாடகையே இல்லாமல் இருக்கிறான், இவனும் சந்தோஷம். இப்படி எத்தனை வீடு, எத்தனை எட்டு லட்சம் என்று பாருங்கள். புது ஆள் வந்து பணம் போடுகிறவரை பழைய வீட்டுக்காரர்களுக்கு வாடகை போகும். ஒரு மாதம் வாடகை நின்றது, அடுத்த மாதமும் நின்றது, அலுவலகக் கண்ணாடிக் கதவில் பூட்டு.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. வீட்டுக்காரர் வந்து, "மூணு மாசமா வாடகை வரலை, காலி பண்ணு" என்கிறார். இவன், "எட்டு லட்சம் கொடுத்திருக்கேன், கொடுத்தா போறேன்" என்கிறான். "யாரிடம் கொடுத்தாய், என்னிடமா கொடுத்தாய்?" அவர் கேட்பதும் நியாயம், இவன் கேட்பதும் நியாயம். ஏமாந்த இரண்டு பேரும் வாசலில் நின்று அடித்துக்கொள்கிறார்கள், ஏமாற்றியவன் எங்கேயோ இருக்கிறான். கடைசியில் வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் மத்தியக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கப் போனால், அதே நிறுவனத்தின் அதே ஒப்பந்தத்தோடு அங்கே பலர் நிற்கிறார்கள்.

அந்த ஒப்பந்தத்தை நான் வாங்கிப் படித்தேன். பதினோரு மாதம் என்று போட்டிருந்தது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவுச் சட்டப்படி, 1908-ஆம் வருடத்துச் சட்டம் அது, கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பதினோரு மாதக் கணக்கு. சாதாரண வாடகைக்கு எல்லோரும் செய்வதுதான், நாங்களும் செய்திருக்கிறோம். ஆனால் எட்டு லட்சம் கைமாறுகிற இடத்தில் பதியாமல் விட்டால் வில்லங்கத்தில் ஒரு வரிகூட வராது. அதே வீட்டை இன்னொருவருக்கும் லீஸுக்கு விடலாம், யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரர் ஏற்கெனவே வங்கியில் அடமானம் வைத்துத் தவணை கட்டாமல் இருந்தால் ஒரு நாள் வங்கி வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டும். வங்கியிடம் உங்கள் எட்டு லட்சக் கதையைச் சொல்லிப் பயனில்லை. பணம் வீட்டுக்காரரின் சொந்தக் கணக்குக்கே போக வேண்டும், அவரே கையெழுத்துப் போட வேண்டும், பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். "பதிவுக்குச் செலவாகும், வேண்டாமே" என்று இழுப்பவரிடம் அந்தச் செலவை நானே தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், அப்போதும் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். என் தங்கை மகன் இதையெல்லாம் செய்யவில்லை. "எல்லாரும் இப்படித்தான் பெரியம்மா பண்றாங்க" என்றான்.

சட்டம் ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் தெரியும். தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், பதிந்தால் ஓர் எண் தருவார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. இந்த 'ஒழிய' என்கிற ஓட்டை வழியாகத்தான் ஊர் முழுக்கப் பத்து மாத அட்வான்ஸ் நடக்கிறது. எங்கள் தெருவில் விசாரித்தேன், பதிந்தவர் யாரும் இல்லை. வரி ஏறிவிடுமோ என்று ஒருவர், குடித்தனக்காரருக்கு உரிமை வந்துவிடும் என்று ஒருவர், அப்படி ஒரு சட்டமா என்று மற்றவர்கள். நாங்கள் இப்போதுதான் மாடி ஒப்பந்தத்தைப் பதிவுக்குக் கொடுத்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார்.

பதிவுகள் பழக்கமாகிவிட்டால், வீடு தேடுகிறவர் "போன குடித்தனத்தின் பதிவு எண் என்ன?" என்று சாதாரணமாகக் கேட்கலாம். அது நடக்கிறவரை வரி ரசீதுதான் கதி.

ஆசிரியர் அவர்களிடமும் ஒரு கோரிக்கை, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வரி விளம்பரப் பக்கத்தில் 'வாடகைக்கு', 'லீஸுக்கு' என்று தினமும் வருகிறதே, அதில் வெறும் போன் நம்பர்தான் இருக்கிறது. விளம்பரம் கொடுக்க வருகிறவரிடம் வீட்டு வரி ரசீது நகல் ஒன்று வாங்கிக்கொண்டால் என்ன? கல்யாண விளம்பரத்துக்கு எவ்வளவு விசாரிக்கிறீர்கள்! அது கஷ்டம் என்றால் அந்தப் பத்தியின் தலைப்பிலேயே 1930 என்று பெரிதாகப் போடுங்கள். அந்தத் தம்பி ஏமாந்தது உங்கள் விளம்பரத்தில் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த பெரியவர்கள் பலர் இன்னும் அந்தப் பக்கத்தில்தான் வீடு தேடுகிறார்கள்.

அந்தக் குடும்பம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். சாமானை எங்கள் கார் ஷெட்டில் இறக்கினோம், கார் இல்லாததால் இடத்துக்குப் பஞ்சமில்லை. கொண்டுவந்த பாலை என் அடுப்பில் காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுத்தேன். மூன்றாம் நாள் இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு கிடைத்தது, ஆடி பிறப்பதற்கு முந்தின நாள். நானும் கூடப் போனேன். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "அம்மா, வீட்டு வரி ரசீது..." என்று ஆரம்பித்ததும் அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்தார், முகம் மாறியது. எங்கள் வீட்டில் அன்று மாறிய அதே முகம். நான் நடந்ததைச் சொன்னேன். பேசாமல் உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்து மேஜைமேல் கவிழ்த்தார். வரி ரசீது, ஈ.பி. பில், குடிநீர் வரி, போன வருடம் வாஷிங் மெஷின் வாங்கிய பில் உட்பட எல்லாம் இருந்தது. "பாத்துக்கோம்மா" என்றார்.

அந்த விளம்பரத்தைப் புகார் கொடுத்து நீக்க வைத்தோம். பத்து நாளில் வேறு நம்பரோடு மறுபடி வந்துவிட்டது, துளசியோடு. அதற்கப்புறமும் இரண்டு பேர் வந்து வாசலில் அண்ணாந்து பார்த்தார்கள். நல்ல வேளை, இரண்டு பேரும் டோக்கன் பணம் மட்டும் போனதோடு தப்பித்தார்கள். அதனால் கேட்டில் ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்: 'இந்த வீடு வாடகைக்கு இல்லை. யாருக்கும் பணம் அனுப்ப வேண்டாம்.' போன வாரம் ஒருவர் வண்டியை நிறுத்தி, அந்த அட்டையை நிதானமாகப் படித்துவிட்டு, காலிங் பெல்லை அடித்துக் கேட்டார்: "ஏம்மா, எப்ப காலியாகும்?"

இப்படிக்கு,
மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு வாசகி,
குரோம்பேட்டை.